மாலத்தீவுக்கு முதல்முறை போகிறீர்களா? விமானத்துக்கு முன்னால் படகைப் பாருங்கள்

மாலத்தீவில் எங்கள் முதல் காலைப்பொழுது மாலே படகுத்துறையில் ஓர் இரும்பு பெஞ்சிலேயே கழிந்தது. வியாழன் ராத்திரி வந்து இறங்கினோம். காரணம், அந்த டிக்கெட்தான் மலிவு. மறுநாள் காலையில் அரசுப் படகைப் பிடித்து மாஃபுஷி தீவுக்குப் போய்விடலாம் என்று திட்டம். துறைக்குப் போனால் ஈ காக்கை இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "ஃப்ரைடே" என்று ஒரே வார்த்தை சொன்னார். அங்கே வெள்ளிதான் வார விடுமுறை. பொதுப் படகுகளில் பெரும்பாலானவை அன்றைக்கு ஓடாது. எங்களுக்குக் கிடைத்த தனியார் விரைவுப் படகும் ஜும்மா தொழுகை முடிந்த பிறகுதான். நாலு மணி வரைக்கும் உட்கார்ந்தோம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் படகுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது.

இந்த மாதிரி ஐந்தாறு தவறுகள் செய்தோம். நீங்கள் செய்யாமலிருக்க, எந்த வரிசையில் ஏற்பாடு செய்யவேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் எப்படிப்பட்ட தீவு என்று முடிவு செய்யுங்கள்

மாலத்தீவு என்றதும் நம் மனத்தில் வருவது தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள். அவை ரிசார்ட் தீவுகள். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், வேறு யாரும் அங்கே குடியிருக்க மாட்டார்கள். மது கிடைக்கும், உடை விஷயத்தில் கெடுபிடி இல்லை. செலவுதான் யானை.

அடுத்தது மக்கள் வசிக்கும் தீவுகள். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மளிகைக் கடை எல்லாம் இருக்கும் சாதாரண ஊர்கள். அங்கே விருந்தினர் இல்லங்களில் தங்கலாம். கடல் அதே கடல்தான், நீலமும் அதே நீலம்தான். மது கிடையாது. நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் கட்டுப்படியாகும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தீவுதான் நல்லது. மாஃபுஷியில் விடுதிகள் அதிகம், போட்டியால் வாடகை குறைவு, சுற்றுலாப் படகுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சீசனில் கடைத்தெரு மாதிரி இருக்கும். (தீவின் ஒரு பக்கம் சிறைச்சாலை. யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை, நமக்கும் அதனால் ஒன்றுமில்லை.) அமைதி வேண்டுமென்றால் திஃபுஷி. அலைச்சறுக்கு பிடித்தவர்கள் துலுஸ்தூ போவார்கள். கொஞ்சம் தள்ளிப்போகத் தயார் என்றால் உகுல்ஹாஸ்.

நான்கு ராத்திரிக்கு இரண்டு தீவு, மூன்று தீவு என்று ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும், பெரும்பாலும் மாலே வழியாகத்தான் போகவேண்டியிருக்கும்.

2. படகு நேரம் தெரிந்த பிறகு விமான டிக்கெட்

நாங்கள் தலைகீழாகச் செய்தது இதைத்தான். விமான நிலையம் இருப்பதே ஒரு தனித் தீவில். அங்கிருந்து எங்கே போவதானாலும் படகு, இல்லாவிட்டால் இன்னொரு விமானம். தலைநகர் மாலேயும் அதை ஒட்டிய ஹுல்ஹுமாலேயும் மட்டும்தான் சாலை வழியே போகக்கூடியவை.

ஆகவே விடுதிக்கு முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள். கேட்கவேண்டியது மூன்று. விமான நிலையத்திலிருந்து உங்கள் தீவுக்கு விரைவுப் படகு எத்தனை மணிக்கு? கடைசிப் படகு எப்போது? வெள்ளிக்கிழமை நேரம் என்ன? பதில் வந்த பிறகு விமானத்தைத் தேடுங்கள். படகுக்கும் விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள். குடியேற்ற வரிசை சில நாள் பத்து நிமிடத்தில் நகரும், ஒரே நேரத்தில் நாலு விமானம் இறங்கினால் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

படகில் இரண்டு வகை. மெதுவான அரசுப் படகில் கட்டணம் சில டாலர்தான். மாலேயிலிருந்து மாஃபுஷிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். அது மாலேயில்தான் புறப்படும், விமான நிலையத்தில் ஏற முடியாது. விரைவுப் படகு விமான நிலையத் துறைக்கே வரும், அரை மணி முக்கால் மணியில் கொண்டுபோய் விடும். நாங்கள் ஆளுக்கு ஒரு வழிக்கு 25 டாலர் கொடுத்தோம். முதல் நாளே மெதுபடகு என்று வீரம் பேசவேண்டாம், பெட்டியோடு மாலே சந்துகளில் அலைவது சுகமில்லை.

ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். தூரத்து ரிசார்ட்டுகளுக்குக் கடல்விமானம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை நான்கு மணிக்கு வந்து இறங்கினால் அன்றைக்குப் போவது சந்தேகம். அந்த ராத்திரி ஹுல்ஹுமாலேயில் தங்கும் செலவு உங்கள் தலையில். கடல்விமானக் கட்டணமே ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர், அறை வாடகையில் அது சேராது. முன்பதிவுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

நேர் விமானம் திருவனந்தபுரம், கொச்சி, சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களிலிருந்து உண்டு. தென்மாவட்டக்காரர்கள் திருவனந்தபுரத்தை முதலில் பாருங்கள். பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான், திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் போவதற்கு அதைவிட நேரம் ஆகும். சிகிச்சைக்கு வந்துவிட்டுத் திரும்பும் மாலத்தீவுக் குடும்பங்களோடு வரிசையில் நிற்பீர்கள். அவர்களிடம் பெட்டிகள் அதிகம், அதனால் செக்-இன் வரிசை ஊரும்.

டிக்கெட் விலையைப் பார்த்து, இத்தனை பக்கத்து ஊருக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றும். மாலத்தீவிலிருந்து புறப்படும் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரிடமும் சாதாரண வகுப்பில் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர் வாங்குகிறார்கள். 2024 டிசம்பரிலிருந்து இந்தக் கணக்கு. இந்த 100 டாலர் டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகக் கட்டவேண்டாம். யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

3. காகிதங்கள்

சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வாங்கவேண்டியதில்லை. இறங்கியதும் இலவசமாக முத்திரை குத்துவார்கள். ஆனால் கையில் இவை இருக்கவேண்டும்: பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், எல்லா ராத்திரிக்கும் உறுதியான தங்குமிட முன்பதிவு. 'எல்லா ராத்திரிக்கும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். திருவனந்தபுரத்திலேயே கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். வரிசைக்கு வெளியே நின்று கைபேசியில் ஓர் அறை பதிவு செய்து காட்டிய பிறகுதான் போர்டிங் பாஸ் வந்தது.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் செல்லுபடி இருந்தால் எந்த விமான நிறுவனமும் வாய் திறக்காது.

அடுத்தது இமுகா. அது மாலத்தீவுக் குடியேற்றத் துறையின் பயணி அறிவிப்புப் படிவம். விமானம் புறப்படும் நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அதற்கு முன்னால் நிரப்பினால் ஏற்காது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், உங்கள் புகைப்படம், விடுதி விவரம், விமான எண் போதும், பத்து நிமிட வேலை. வரும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் சேமித்து, ஒரு தாளிலும் அச்செடுத்து வையுங்கள். திரும்பும் பயணத்துக்கும் இதேபோல் ஒரு படிவம் உண்டு.

இங்கேதான் பெரிய பொறி. இமுகா முற்றிலும் இலவசம். ஆனால் தேடினால் முதலில் வந்து விழுகிற சில தளங்கள் அரசுச் சின்னம் போலவே ஒன்றை ஒட்டிக்கொண்டு ஆளுக்கு இத்தனை டாலர் என்று கார்டு எண் கேட்கும். பணம் கேட்டாலே மூடிவிடுங்கள்.

குழந்தைகளுக்கும் தனித்தனிப் படிவம்.

4. பெட்டியில் எது கூடாது

எங்களுக்கு இரண்டாவது பாடம் சுங்கத்தில். என் மாமியார் வழித்துணைக்கு என்று சுண்டுவிரல் உயரப் பித்தளைப் பிள்ளையாரை மனைவியின் பெட்டியில் துணிக்கு நடுவே சொருகியிருக்கிறார். எங்களுக்கே தெரியாது. இறங்கிய பிறகும் எல்லாப் பெட்டிகளையும் எக்ஸ்ரேயில் விடுவார்கள். பிள்ளையாரின் உருவம் திரையில் தும்பிக்கையோடு தெளிவாகத் தெரிந்தது. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவருவது அங்கே தடை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஒரு பையில் போட்டுச் சீட்டு எழுதி வாங்கி வைத்துக்கொண்டார், திரும்பும்போது சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டோம். வழித்துணைக்கு வந்தவர் நாலு நாளும் விமான நிலையத்திலேயே இருந்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதையாவது சொருகியிருக்கிறார்களா என்று கிளம்பும் முன் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

மது பாட்டில் கூடாது. புறப்படும் விமான நிலையத்தில் வரியில்லாக் கடையில் வாங்கினதும் கூடாது. பன்றி இறைச்சியும் அப்படியே. மின்சிகரெட்டுக்கு 2024 நவம்பரிலிருந்து தடை. 2007 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் எந்தப் புகையிலைப் பொருளும் பயன்படுத்தக் கூடாது என்று 2025 நவம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது சுற்றுலாப் பயணிகளுக்கும் பொருந்தும், கல்லூரிப் பையன்களோடு போகிறவர்கள் சொல்லி வையுங்கள்.

மருந்து விஷயத்தில் விளையாடாதீர்கள். தூக்க மாத்திரை, மனநல மருந்து, டிரமடால், கோடீன் கலந்த மருந்து எதுவானாலும் மருத்துவர் சீட்டோடு, கடையில் கொடுத்த அட்டையோடு எடுத்துப் போங்கள். மாத்திரைகளை வெட்டிச் சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம்.

5. அறை வாடகையை நீங்களே கூட்டிப் பாருங்கள்

விளம்பரத்தில் 60 டாலர் என்று இருந்தது. பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. அந்தக் கூட்டல் குறிகளை நான் கவனிக்கவில்லை. இருவருக்கு ஒரு ராத்திரிக் கணக்கு இப்படி வந்தது:

வாடகை 60. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அது 6. ஆக 66. அதன்மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி 17 சதவீதம் (2025 ஜூலைக்கு முன் 16), அது 11 டாலர் 22 சென்ட். இப்போது 77.22. அப்புறம் பசுமை வரி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், இருவருக்கு 12. மொத்தம் 89.22.

அறுபது எண்பத்தொன்பதான கதை இதுதான். நான்கு ராத்திரிக்கு 240 என்று எழுதி வைத்திருந்தேன், கொடுத்தது 357. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் சட்டப்படியான வரி. 6 டாலர் பசுமை வரி என்பது மக்கள் வசிக்கும் தீவில் 50 அறைக்குள் இருக்கும் சிறு விடுதிகளுக்கு. பெரிய விடுதி, ரிசார்ட் என்றால் 12 டாலர்.

பதிவு செய்யும் முன் விடுதிக்கு ஒரே கேள்வி அனுப்புங்கள்: "எல்லா வரியும், பசுமை வரியும், படகும், காலை உணவும் சேர்த்து, இரண்டு பேருக்கு, இத்தனை ராத்திரிக்கு மொத்தம் எவ்வளவு?" எழுத்தில் பதில் வாங்குங்கள். அதே வரியும் சேவைக் கட்டணமும் சுற்றுலாப் பயணங்களுக்கும் உணவகங்களுக்கும் உண்டு என்பதால் மெனு விலையைப் பார்த்தும் உடனே சந்தோஷப்படவேண்டாம்.

6. எப்போது போவது

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம், 'இருவை' என்பார்கள். கடல் அமைதி, தண்ணீர் தெளிவு, விலை உச்சம். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று, மழை, படகு ஆட்டம். ஆனால் விலை நன்றாக இறங்கும். மழை நாள் முழுக்கக் கொட்டுவதில்லை. எனக்குப் படகு ஆட்டத்தில் குமட்டல் வரும், ஆகவே இன்னொரு முறை போனால் மார்ச்தான்.

ரமலான் மாதத்தில் உள்ளூர்த் தீவுகளுக்கு முதல்முறைப் பயணம் வேண்டாம். பகலில் உணவகங்கள் மூடியிருக்கும்.

7. பணம், சிம், பிளக்

டாலர் எல்லா இடத்திலும் செல்லும். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக நிறைய வாங்கிப் போங்கள். கிழிசல், பேனா கிறுக்கல் உள்ள நோட்டை வாங்க மாட்டார்கள். உள்ளூர் நாணயம் ருஃபியா, ஒரு டாலருக்கு ஏறக்குறைய 15.4. பெட்டிக்கடைக்கும் டீக்கும் மட்டும் 20 அல்லது 30 டாலரை மாற்றிக்கொண்டால் போதும். மிஞ்சிய ருஃபியாவைத் திரும்ப டாலராக்குவது பெரும்பாடு, நம் ஊரில் யாரும் சீண்ட மாட்டார்கள்.

சிம் கார்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும், திராகு, ஊரிடூ என்று இரண்டு நிறுவனங்கள். விடுதியில் வைஃபை இருப்பதால் இருவருக்கு ஒரு சிம் போதும்.

சுவரில் இருப்பது பெரும்பாலும் சதுர முள் மூன்று கொண்ட பிரிட்டிஷ் பிளக். நம் பிளக் நுழையாது. ஓர் அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். சில ரிசார்ட்டுகள் தங்களுக்கென்று ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. படகு நேரம் சொல்லும்போது 'மாலே நேரமா, தீவு நேரமா' என்று கேட்டுவிடுங்கள்.

8. தீவில் இறங்கிய பிறகு

விரைவுப் படகில் ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். துறையில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும், எல்லாருடைய செருப்பும் அதற்குள் போகும். இறங்கும்போது அதே கூடையைத் துறையில் கவிழ்ப்பார்கள். கறுப்பு ரப்பர் செருப்பு போட்டு வந்த ஏழு பேரில் நானும் ஒருவன், வேறு யாருடையதையோதான் போட்டுக்கொண்டு வந்தேன். கொஞ்சம் அடையாளமாக இருக்கும் செருப்பாகப் பாருங்கள். படகின் பின்பாதியில் உட்காருங்கள், முன்னால் இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் முதுகெலும்பு கணக்குச் சொல்லும்.

நீச்சலுடை 'பிகினி பீச்' என்று பலகை வைத்த கடற்கரையில் மட்டும். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை. ஆண்களும் சட்டையில்லாமல் தெருவில் நடக்கக் கூடாது. சுடிதாரோடு கடலில் இறங்கும் நம் வழக்கம் அங்கே எந்தக் கடற்கரையிலும் செல்லும், உள்ளூர்ப் பெண்களும் முழு உடையோடுதான் குளிக்கிறார்கள்.

தொழுகை நேரங்களில் கடைகள் கொஞ்ச நேரம் சாத்திவிடும். தண்ணீர் வாங்கப் போனவர் கதவைத் தட்டவேண்டாம், காத்திருந்தால் திறப்பார்கள்.

சாப்பாடு. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். காலையில் மஸ் ஹுனி: சூரைமீனை உதிர்த்துத் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது, கூடவே நம் சப்பாத்தி மாதிரி ரொஷி. நம் பக்கம் மாசிக்கருவாடு என்கிறோமே, அதன் ஊரே இதுதான். சைவக்காரர்கள் மட்டும் உஷார். 'காய்கறி' என்று எழுதியிருந்தாலும் உள்ளே மீன்துண்டோ மீன்சாறோ இருக்கலாம். பஜ்ஜி போல, போண்டா போல கண்ணாடிப் பெட்டியில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் மீன்தான். விடுதிக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், பருப்பும் சோறும் செய்து தருவார்கள். நாங்கள் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொண்டுபோயிருந்தோம், இரண்டு ராத்திரி அதுதான் காப்பாற்றியது.

கடலில் நம்மவர்கள் செய்யும் தப்பு, நீச்சல் தெரியாமல் முகமூடி மாட்டிக்கொண்டு குதிப்பது. பவளத்திட்டின் விளிம்பு தாண்டினால் ஆழம் சட்டென்று விழும், நீரோட்டமும் இழுக்கும். உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கமே படவேண்டாம். முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள், நான் பனியனோடு ஒரு மணி நேரம் குப்புறக் கிடந்து பார்த்ததில் இரண்டு நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. பவளத்தை மிதிக்காதீர்கள், தொடாதீர்கள்.

பயணக் காப்பீடு எடுங்கள். சின்னத் தீவில் இருப்பது சுகாதார நிலையம்தான், பெரிய மருத்துவமனைக்கு மாலே வரவேண்டும், அந்தப் படகுச் செலவே கனமாக இருக்கும். ஆம்புலன்ஸ் 102, போலீஸ் 119.

9. திரும்பும் நாள்

திரும்பும் படகுக்கு முதல் நாள் மாலையே விடுதியில் பெயர் கொடுத்துவிடுங்கள். விமானம் காலை பத்து மணிக்கு முன் என்றால் கடைசி ராத்திரியை ஹுல்ஹுமாலேயில் தங்குவது நல்லது, அங்கிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்தும் டாக்ஸியும் இருக்கின்றன. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது.

ஸ்கூபா செய்தவர்கள் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே 18 முதல் 24 மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.

பவளத் துண்டு, ஆமையோட்டுப் பொருள் எதையும் எடுத்து வரக் கூடாது. மணலையும் சிப்பியையும் விட்டுவிடுங்கள், திரும்பும்போதும் அதே எக்ஸ்ரேதான். அப்புறம், வரும்போது சுங்கத்தில் எதையாவது விட்டிருந்தால் அந்தச் சீட்டைக் கைப்பையில் வையுங்கள். என் மனைவி அதை விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைத்துவிட்டாள். செக்-இன் கவுன்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, ஈரத் துணிக்கு நடுவே கால் மணி நேரம் தேடி எடுத்தோம்.